கடலோரச் சூழலியல் களப்பணி: முதன்முறை போகிற மாணவர்களுக்கு

கடலோரத்தில் வேலை செய்யக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு. நீர் வற்றித் தரை தெரிகிற மூன்று, நான்கு மணி நேரத்துக்குள் அளவு நாடாவால் கோடு போட வேண்டும், எண்ணும் பரப்பைக் குறிக்கும் சதுரச் சட்டம் வைக்க வேண்டும், எண்ண வேண்டும், எழுத வேண்டும். அதற்குள் கடல் திரும்பி வந்து எல்லாவற்றையும் மூடிவிடும். விட்டுப்போனதைப் பார்க்க மறுநாள் போனால் அது வேறு நாள், வேறு வெயில், வேறு அலை. அதனால் நான் புதியவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான்: முடிவெடுக்க வேண்டியதையெல்லாம் கிளம்புவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள். கரையில் உங்கள் கண்ணுக்கு வேலை இருக்கிறது. "எங்கே வைக்கலாம், எத்தனை எடுக்கலாம்" என்ற பேச்சில் அந்த நேரம் போகக் கூடாது.

முதலில் கேள்வி

"இந்தக் கரையில் என்னென்ன உயிர்கள் இருக்கின்றன?" என்று கிளம்பினால் நாள் முழுக்கப் பார்த்தாலும் முடியாது, கையில் ஒரு பெயர்ப் பட்டியல்தான் மிஞ்சும். கேள்வி சின்னதாக இருக்கட்டும். "பாறையின் மேல்மட்டத்திலிருந்து நீர்விளிம்பு வரை இறங்க இறங்க பார்னக்கிள்களின் அடர்த்தி எப்படி மாறுகிறது?" என்று கேட்டால் எங்கே நிற்பது, எதை எண்ணுவது, எத்தனை முறை எண்ணுவது எல்லாம் தானாகத் தெளிவாகும். (பார்னக்கிள் என்பது பாறையிலும் படகின் அடியிலும் சுண்ணாம்புக் கூடு கட்டி ஒட்டிக்கொள்ளும் சிறு உயிர். பார்க்க நத்தை வகை போலத் தோன்றினாலும் நண்டு, இறாலின் உறவு அது.)

இந்தத் துறையில் பெரிதாகப் பேசப்படும் ஆய்வுகள் பலவும் இப்படிப்பட்ட சின்னக் கேள்விகளில் தொடங்கியவைதான். சூழலியலாளர் ஜோசஃப் கானல் ஸ்காட்லாந்தின் கம்ப்ரே தீவில் இரண்டு வகை பார்னக்கிள்களைக் கவனித்தார். ஒன்று பாறையின் மேலே மட்டும் இருந்தது, மற்றது கீழே. மேலே இருக்கும் வகைக்குக் கீழே வாழவே முடியாதா, அல்லது யாராவது வாழ விடவில்லையா? கீழே இருந்த வகையைச் சில இடங்களில் அகற்றிப் பார்த்தார். மேல் வகையின் குஞ்சுகள் அங்கே நன்றாகவே பிழைத்தன. அகற்றாத இடங்களில், வேகமாக வளரும் கீழ் வகை அவற்றை மூடியும் நெம்பியும் அழித்தது. கீழ் வகை மேலே ஏறாததற்குக் காரணம் வேறு: வெயிலில் காய்ந்து போவதை அது தாங்காது. 1961-ல் வெளியான அந்த ஆய்வுக்கு விலை உயர்ந்த கருவி எதுவும் தேவைப்படவில்லை. மேல் எல்லையை வெயிலும் வறட்சியும் வகுக்கின்றன, கீழ் எல்லையைப் போட்டியும் வேட்டையும் வகுக்கின்றன என்ற பொதுக் கருத்துக்கு அது வலுவான சான்று ஆனது.

இரண்டு ஆண்டுகள் கழித்து அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலக் கடற்கரையில் ராபர்ட் பெயின் ஒரு பாறைத் துண்டிலிருந்து நட்சத்திர மீன்களை எடுத்து எடுத்துக் கடலில் வீசத் தொடங்கினார். அவை இல்லாமல் போனதும் மட்டிகள் இடத்தைப் பிடித்துக்கொண்டன. அங்கே இருந்த 15 இனங்கள் 8 ஆகச் சுருங்கியதாக 1966-ல் எழுதினார். ஓர் இனம் போனால் முழுச் சமூகமும் மாறுகிறது என்பதை ஒரு சிறு பாறையில் காட்டிவிட்டார்.

நீங்கள் முதல் முறையிலேயே எதையும் அகற்ற வேண்டாம். ஆசிரியர் மேற்பார்வையும் உரிய அனுமதியும் இல்லாமல் அது செய்யக் கூடாத வேலை. ஆனால் கேள்வியை இவ்வளவு கூர்மையாக வைத்துக்கொள்ளலாம். கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதி, தாளின் தலைப்பில் ஒட்டிக்கொண்டு போங்கள்.

கடல் எப்போது வற்றும்?

ஓத அட்டவணையை, அதாவது கடல்நீர் ஏறி வற்றும் நேரமும் உயரமும் தரும் பட்டியலை, படிக்கத் தெரியாமல் கரைக்குப் போகாதீர்கள். பெரும்பாலான கரைகளில் 24 மணி 50 நிமிடத்துக்குள் இரண்டு முறை நீர் ஏறி இரண்டு முறை வற்றும். அதனால் இன்று காலை எட்டுக்கு வற்றினால் நாளை ஏறக்குறைய எட்டு ஐம்பதுக்கு. ஒரே ஒரு ஏற்றம், ஒரே ஒரு வற்றம் உள்ள கரைகளும் உண்டு. உங்கள் கரை எந்த வகை என்று அட்டவணையே காட்டிவிடும்.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நீர் மிக உயரமாக ஏறி மிகத் தாழ வற்றும். உச்சம் பெரும்பாலும் ஓரிரு நாள் கழித்து வரும். கரையின் கீழ்மட்டத்தைப் பார்க்க வேண்டுமென்றால் இந்த நாட்களைத்தான் பிடிக்க வேண்டும். பாதி நிலா நாட்களில் போனால் கீழ்மட்டம் தண்ணீருக்கடியிலேயே இருக்கும்.

அட்டவணையில் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். அது எந்தத் துறைமுகத்துக்கு உரியது, உங்கள் இடத்துக்கு எத்தனை நிமிடம் கூட்டிக் கழிக்க வேண்டும் என்பது ஒன்று. கொடுத்திருக்கும் உயரம் எதிலிருந்து அளந்தது என்பது இன்னொன்று. பொதுவாக அது வரைபட அடிமட்டத்திலிருந்து (கடல் வரைபடங்களில் ஆழத்தை அளக்கத் தொடங்கும் தாழ்ந்த நீர்மட்டம்) அளந்தது, சராசரிக் கடல்மட்டத்திலிருந்து அல்ல. மேலும் அட்டவணை நிலாவையும் சூரியனையும் வைத்துக் கணித்தது, அன்றைய வானிலை அதில் இருக்காது. காற்றழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் கடல்மட்டம் சுமார் ஒரு செ.மீ. உயரும். கரையை நோக்கி அடிக்கும் பலத்த காற்று நீரை இன்னும் ஏற்றும்.

நீர் ஒரே வேகத்தில் ஏறுவதில்லை. ஏறும் நேரத்தை ஆறு பங்காகப் பிரித்தால், மொத்த உயரத்தில் பன்னிரண்டில் ஒன்று, இரண்டு, மூன்று, மூன்று, இரண்டு, ஒன்று என்ற கணக்கில் ஏறும். மொத்த ஏற்றம் 3 மீட்டர் என்றால் மூன்றாவது மணியில் மட்டும் 75 செ.மீ. ஏறும். நூறு மீட்டருக்கு ஒரு மீட்டர் சரிவுள்ள சேற்றுவெளியில் அந்த 75 செ.மீ. என்பது ஒரு மணி நேரத்தில் 75 மீட்டர் உள்ளே வரும் தண்ணீர்! முதல் மணி நேரம் மெதுவாக இருக்கிறதே என்று நம்பி நிற்பவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

வேலைத் திட்டம் இப்படி இருக்கட்டும்: வற்றத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பு தொடங்குங்கள். நீர் இறங்க இறங்க நீங்களும் இறங்குங்கள். மிகக் கீழ்மட்டத்துக்கு வற்ற நேரத்தில் போய்ச் சேருங்கள். கரையேறத் தொடங்கும் நேரத்தைத் தாளில் கொட்டை எழுத்தில் எழுதிவையுங்கள். அந்த நேரம் வந்தால் பாதிச் சட்டத்தில் இருந்தாலும் கிளம்ப வேண்டும்.

அனுமதி, பாதுகாப்பு

பாதுகாக்கப்பட்ட பகுதியா, ஆராய அனுமதி வேண்டுமா, மாதிரி எடுக்கலாமா என்பதை முன்கூட்டியே கேட்டு எழுத்தில் வாங்குங்கள். அந்தக் கரையில் தொழில் செய்பவர்களிடமும் பேசுங்கள். எந்த இடத்தில் சேறு ஆளை விழுங்கும், எந்தப் பக்கம் தண்ணீர் முதலில் சூழும் என்பது அவர்களுக்கு எந்த அட்டவணையையும் விட நன்றாகத் தெரியும்.

தனியாகப் போகாதீர்கள். எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று கரையில் ஒருவருக்காவது தெரிய வேண்டும். கரைக்குப் போனதும் பத்து நிமிடம் சும்மா நின்று அலையைப் பாருங்கள். பெரிய அலை எத்தனைக்கு ஒருமுறை வருகிறது, எதுவரை ஏறுகிறது என்று தெரிந்த பிறகு இறங்குங்கள். சேற்றில் கால் புதைந்தால் பலமாக இழுக்கக் கூடாது. பின்னால் சாய்ந்து உடல் எடையைப் பரப்பி, காலை மெதுவாக அசைத்து அசைத்து எடுக்க வேண்டும். விரலை மூடும் செருப்பு அல்லது ஷூ கட்டாயம், பார்னக்கிள் கத்தி மாதிரி அறுக்கும்.

வெப்பக் கடல்களில் இன்னும் கொஞ்சம் எச்சரிக்கை வேண்டும். உயிருள்ள கூம்பு நத்தையை எந்தப் பக்கமாகவும் கையில் எடுக்காதீர்கள். அது தன் விஷ ஊசியை நீட்டிக் குத்தும், சில இனங்களின் விஷம் ஆளைக் கொல்லும். நீலவளைய ஆக்டோபஸ் உள்ளங்கையில் அடங்கும் அளவுதான், ஆனால் அதன் கடி மூச்சை நிறுத்தும். ஓட்டைகளிலும் பிளவுகளிலும் கையை விடாமல் இருந்தாலே பாதி ஆபத்து குறையும். ஆழமற்ற மணல் நீரில் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்து நடந்தால் திருக்கை விலகிப் போய்விடும். திருக்கையோ கல்மீனோ குத்திவிட்டால், தோல் வெந்துவிடாத அளவுக்குச் சூடான நீரில், அதாவது 45 டிகிரி செல்சியஸைத் தாண்டாமல், காலை முக்கி வைப்பது வலியைக் குறைக்கும். அப்படியே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

என்னென்ன வேண்டும்

நீர் புகாத தாள், பென்சில்கள், கயிற்றில் கட்டிய அட்டை, 30 அல்லது 50 மீட்டர் அளவு நாடா, சதுரச் சட்டம், பத்து மடங்கு காட்டும் கைலென்ஸ், வெப்பமானி, உறையில் போட்ட கைபேசி, குடிநீர், தொப்பி. பேனா வேண்டாம், ஈரத்தில் எழுதாது, எழுதினாலும் கரையும்.

சதுரச் சட்டத்தை நீங்களே செய்யலாம். பிவிசி குழாயை வெட்டி, உட்பக்கம் சரியாக 50 செ.மீ. வருமாறு பொருத்துங்கள். வெளிப்பக்கத்தை அளந்துவிட்டால் பரப்பளவு முழுக்கத் தப்பாகும். குழாயில் அங்கங்கே துளை போட்டால் தண்ணீர் உள்ளே போய் மிதக்காமல் கிடக்கும். பிறகு நைலான் நூலால் குறுக்கும் நெடுக்குமாகப் பத்துப் பத்துக் கோடுகள் கட்டினால் நூறு சந்திப்புகள் கிடைக்கும். ஒவ்வொரு சந்திப்பும் ஒரு சதவீதம். கணக்கு சுலபம்.

எங்கே வைப்பது

நிலப்பக்கத்திலிருந்து கடலை நோக்கி அளவு நாடாவை விரியுங்கள். ஒரே சரிவில் கரையின் மட்டங்கள் எல்லாம் வந்துவிட வேண்டும். ஒவ்வொரு மட்டத்திலும் குறைந்தது ஐந்து சட்டமாவது வையுங்கள், முடிந்தால் பத்து. அந்த ஐந்தும் எங்கே விழ வேண்டும் என்பதைச் சீரற்ற எண்களை வைத்து வீட்டிலேயே எழுதிக்கொண்டு வாருங்கள்.

இதை வலியுறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. கரையில் நின்றால் கண் தானாக அழகான இடத்துக்குப் போகும். கடல் சாமந்தி விரிந்திருக்கும் குட்டையின் ஓரம், மட்டிகள் அடர்ந்த பிளவு. வெறும் பாறையில் சட்டம் வைக்க யாருக்கும் மனம் வராது. அப்படிப் பிடித்த இடங்களாகவே எடுத்தால் கரையின் உண்மை அடர்த்தி கிடைக்காது, உங்கள் ரசனைதான் கிடைக்கும். சட்டத்தைத் தோளுக்கு மேல் வீசி விழும் இடத்தில் எடுப்பதும் சீரற்ற முறை அல்ல. கை எப்போதும் ஒரே பக்கம் வீசும், அடியில் இருக்கும் உயிரும் நசுங்கும்.

இன்னொரு பொறியும் உண்டு. ஒரு சுத்தமான கரையிலும் ஓர் அசுத்தமான கரையிலும் இருபது இருபது சட்டம் வைத்து ஒப்பிட்டால், நாற்பது மாதிரி இருப்பதாகத் தோன்றும். உண்மையில் ஒப்பிட்டது இரண்டே இரண்டு கரைகளை. வித்தியாசத்துக்கு அசுத்தம்தான் காரணமா, அலை வேகமா, பாறை வகையா என்று சொல்ல முடியாது. சூழலியலாளர் ஸ்டூவர்ட் ஹர்ல்பெர்ட் 1984-ல் இதைப் போலி மறுசெய்கை என்று பெயர் சொல்லிச் சுட்டிக்காட்டினார். கேள்வி கரைகளைப் பற்றியதென்றால் பல கரைகளுக்குப் போக வேண்டும்.

ஒவ்வொரு சட்டமும் எந்த உயரத்தில் இருக்கிறது என்பதும் தேவை. இதற்குக் கடல் புவியியலாளர் கே. ஓ. எமரி 1961-ல் எழுதிய முறை இன்றும் போதும். ஒரே உயரமுள்ள இரண்டு கோல்கள், உச்சியிலிருந்து கீழ்நோக்கிச் செ.மீ. குறித்தவை. இடையில் குறிப்பிட்ட நீளக் கயிறு. ஒருவர் கடல்பக்கக் கோலைப் பிடிக்க, நிலப்பக்கம் நிற்பவர் அந்தக் கோலின் உச்சியைத் தொடுவானத்தோடு ஒரே கோட்டில் பார்க்கிறார். அந்தக் கோடு தன் கோலில் எந்த எண்ணை வெட்டுகிறதோ அதுதான் இரண்டு இடத்துக்கும் உள்ள இறக்கம். ஒவ்வொரு அடியாக நகர்ந்து கூட்டிக்கொண்டே போனால் முழுச் சரிவின் வடிவமும் கிடைத்துவிடும். தொடுவானம் தெரியாத புகைமூட்ட நாளில் இது நடக்காது.

எண்ணுவது

சட்டத்தை வைத்தவுடன் எண்ணாதீர்கள். முதலில் ஒரு நிமிடம் அசையாமல் பாருங்கள். உங்கள் நிழல் விழுந்ததும் பதுங்கிய நண்டு அதற்குள் வெளியே வரும், நத்தை நகரும், பாறை நிறத்திலேயே இருந்த ஒன்று உயிர் என்று தெரியும். எனக்கு இந்த வேலையில் மிகப் பிடித்தது இந்த ஒரு நிமிடம்தான். ஒவ்வொரு சட்டத்துக்கும் அதைத் தவறாமல் கொடுங்கள்.

தனித்தனியாகப் பிரிக்க முடிகிற உயிர்களை எண்ணுங்கள். பாசி, கடற்பஞ்சு போலப் படர்பவற்றுக்குப் பரவல் சதவீதம் எடுங்கள்: நூறு சந்திப்பில் எத்தனையின் கீழ் அது இருக்கிறது. மேலே பாசி, அடியில் பார்னக்கிள் என்று அடுக்காக இருந்தால் முதலில் மேலடுக்கை எடுத்து, பிறகு பாசியை ஒதுக்கி அடியைப் பாருங்கள். மொத்தம் நூறைத் தாண்டலாம், அதில் தவறில்லை.

சட்டத்தின் விளிம்பில் பாதி உள்ளே பாதி வெளியே இருக்கும் உயிரை என்ன செய்வது? இரண்டு பக்கங்களில் தொடுவதைச் சேர்ப்பது, மற்ற இரண்டில் தொடுவதை விடுவது என்று வீட்டிலேயே முடிவு செய்து எல்லாரும் அதையே செய்யுங்கள். பார்னக்கிள் ஆயிரக்கணக்கில் இருந்தால் 10 செ.மீ. சதுரங்கள் சிலவற்றில் மட்டும் எண்ணி, அவற்றின் சராசரியை 25-ஆல் பெருக்கலாம். வாய்த் தட்டுகள் இல்லாத வெறும் கூடு செத்தது, அதைத் தனியாக எழுதுங்கள்.

உண்மையான எண்ணிக்கை தொடங்கும் முன் குழுவில் எல்லாரும் ஒரே சட்டத்தைத் தனித்தனியே எண்ணி ஒப்பிடுங்கள். முதல் முறை வித்தியாசம் பெரிதாக இருக்கும். ஏன் என்று அங்கேயே பேசித் தீர்த்துக்கொண்டால் நாள் முழுக்கத் தரவு ஒன்றோடொன்று ஒத்துப்போகும்.

பெயர் தெரியாத உயிருக்கு ஊகப் பெயர் வைக்காதீர்கள். "இனம் அ" என்று எழுதி, அளவுகோலோடு படம் எடுத்து, நிறம், வடிவம், இடம் குறித்தால் போதும். சட்டத்தில் ஒன்றுமே இல்லையென்றால் சுழியம் என்று எழுதுங்கள். காலியாக விட்ட கட்டத்தைப் பிறகு பார்ப்பவருக்கு, உயிர் இல்லையா, பார்க்க மறந்தீர்களா என்று தெரியாது. சுழியம் ஒரு முழுமையான அளவீடு.

புரட்டிய கல்லை அதே இடத்தில், அதே பக்கம் கீழே இருக்குமாறு திரும்ப வையுங்கள். அடியில் இருப்பவை வெயிலில் சில நிமிடங்களிலேயே சாகும். கூம்பு ஓடு கொண்ட லிம்பெட்களைப் பாறையிலிருந்து நெம்பி எடுக்க வேண்டாம். அவற்றில் பல இனங்கள் மேய்ந்துவிட்டு அதே இடத்துக்குத் திரும்பும், ஓட்டின் விளிம்பு அந்தப் பாறைப் பள்ளத்துக்கென்றே வளர்ந்திருக்கும். பெயர்த்த லிம்பெட்டை வேறு இடத்தில் வைத்தால் பிழைப்பது கடினம்.

மணல், சேறு, அலையாத்தி

இங்கே உயிர்கள் தரைக்குள் இருக்கின்றன. சுமார் 10 செ.மீ. அகலக் குழாயை 15 செ.மீ. ஆழம் இறக்கி எடுத்து, 0.5 மி.மீ. சல்லடையில் தண்ணீருக்குள் வைத்து மெதுவாக ஆட்டுங்கள். மேலிருந்து நீரை வேகமாக அடித்தால் புழுக்கள் துண்டாகிவிடும், துண்டை எண்ணுவது எப்படி என்ற புதுத் தலைவலி வரும். தலைகளை மட்டும் எண்ணுவது வழக்கம். குழாயில் எந்த ஆழத்தில் மண் கறுக்கிறது என்றும் அளந்து எழுதுங்கள். கறுப்பும் அழுகிய முட்டை நாற்றமும் அங்கே ஆக்சிஜன் இல்லை என்பதைச் சொல்கின்றன.

அலையாத்திக் காட்டில் மரத்தின் சுற்றளவைத் தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் அளப்பது வழக்கம். தாங்குவேர் உள்ள மரமென்றால் மிக மேலே உள்ள வேருக்கு 30 செ.மீ. மேலே அளக்க வேண்டும். மூச்சுவேர்களை மிதிக்காமல் ஒரே தடத்தில் நடங்கள்.

நீரின் அளவீடுகள்

உப்புத்தன்மை பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டரை முதலில் காய்ச்சி வடித்த நீரால் சுழியத்துக்குக் கொண்டுவாருங்கள். திறந்த கடலில் ஆயிரத்துக்கு 35 அளவில் இருக்கும். பாறைக் குட்டையில் வெயில் அடித்தால் ஏறும், மழை பெய்தால் சட்டென்று இறங்கும். குட்டையில் பகல் முழுக்கப் பாசி ஆக்சிஜனை வெளியிடும், பிஹெச் உயரும். இரவில் எல்லாரும் சுவாசிக்க மட்டுமே செய்வதால் இரண்டும் தலைகீழாகும். அதனால் நேரம் எழுதாத நீர் அளவீட்டை யாரும் பயன்படுத்த முடியாது.

எழுதுவது

ஒருவர் எண்ண, ஒருவர் எழுதட்டும். எழுதுபவர் கேட்ட எண்ணைத் திரும்பச் சத்தமாகச் சொல்ல வேண்டும், அலைச் சத்தத்தில் ஏழும் எட்டும் ஒன்றாகக் கேட்கும். ஒவ்வொரு தாளின் மேலும் தேதி, இடம், நேரம், வானிலை, எண்ணியவர், எழுதியவர் பெயர், கோட்டின் எண், சட்டத்தின் எண். "மேலே உள்ளபடி" என்று எழுதக் கூடாது, தாள் பிரிந்தால் மேலே என்ன இருந்தது என்று தெரியாது. தவறாக எழுதியதை அழிக்காமல் ஒரே கோட்டால் அடித்துப் பக்கத்தில் சரியானதை எழுதுங்கள். ஒவ்வொரு சட்டத்தையும் அதன் எண் அட்டையோடு படம் எடுங்கள். கைபேசியின் ஜிபிஎஸ் சில மீட்டர் தவறலாம், ஆகவே கோட்டின் தொடக்கத்தில் அசையாத பாறை ஒன்றை அடையாளமாக வைத்து, திசைகாட்டிப் பாகையையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அன்று மாலையே

கருவிகளை நல்ல தண்ணீரில் கழுவிக் காயவையுங்கள். அப்புறம் களைப்பாக இருந்தாலும் தூங்கும் முன் எல்லாத் தாள்களையும் படம் எடுத்துவிட்டுக் கணினியில் ஏற்றுங்கள். ஒரு சட்டத்தில் ஓர் இனத்துக்கு ஒரு வரிசை என்று வைத்தால் பிறகு எந்தக் கணக்கும் போடலாம். ஒருவர் வாசிக்க, இன்னொருவர் திரையில் சரிபார்க்கட்டும். "இனம் அ" யார் என்று படத்தைப் பார்த்துத் தேட வேண்டிய நேரமும் இதுதான். பார்த்த நினைவு பசுமையாக இருக்கும்போதே தேடுங்கள்.

சட்டங்களைக் கூட்டக் கூட்ட மொத்த இனங்கள் எப்படி ஏறுகின்றன என்று ஒரு வரைபடம் போடுங்கள். கோடு தட்டையாகிவிட்டால் எடுத்த சட்டங்கள் போதும். இன்னும் ஏறிக்கொண்டே இருந்தால் அடுத்த முறை கூடுதலாக எடுக்க வேண்டும். அடுத்த முறைக்கான தேதியையும் அப்போதே பார்த்துவிடலாம்: ஏறக்குறைய இரண்டு வாரம் கழித்து, அதே போன்ற தாழ்ந்த வற்றம், பெரும்பாலும் நாளின் அதே வேளையில் திரும்ப வரும்.